இஷெவ்ஸ்க், 1943: ஒரு சோவியத் ரைஃபிளின் முத்திரைகளைப் படித்த ஏழு வாரம்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இந்த ரைஃபிளின் விசைக்காப்பு வளையத்தில் ஒரு சிறிய அட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன். அட்டையில் ஒன்பது வரி. இரும்பிலோ மரக்கட்டையிலோ குத்தியிருந்த ஒரு முத்திரைக்கு ஒரு வரி வீதம் விளக்கம். கடையிலிருந்து கொண்டுவந்த அன்றே இதே மாதிரி ஒன்பது வரி எழுதிவைத்திருந்தேன். அதில் ஐந்து தப்பு. எப்படித் தப்பாகப் படித்தேன், எது கண்ணைத் திறந்தது என்பதெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன்.

துப்பாக்கி மோசின்-நகான் 91/30. 1891இல் ஜார் மன்னர் காலத்து ரஷ்ய ராணுவம் ஏற்றுக்கொண்ட ரைஃபிளை 1930இல் சோவியத்துகள் திருத்தியமைத்த வடிவம். ரஷ்யர்கள் இதை மூன்று கோட்டு ரைஃபிள் என்பார்கள். பழைய ரஷ்ய அளவில் ஒரு கோடு என்றால் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. மூன்று கோடு சேர்ந்தால் 7.62 மி.மீ. குழலின் விட்டம் அதுதான். நீளம் 123 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், எடை சுமார் 4 கிலோ. 1930 திருத்தத்தின்போதுதான் குறிபார்க்கும் தகட்டின் எண்கள் பழைய அர்ஷின் அளவிலிருந்து மீட்டருக்கு மாறின. என்னுடையதில் 1 முதல் 20 வரை எண்கள். 20 என்றால் 2000 மீட்டர்.

நான் இருப்பது டல்லாஸ் பக்கம். அமெரிக்காவில் 50 வருடத்துக்கு மேல் பழையதான துப்பாக்கிகளைச் சேர்ப்பவர்களுக்குத் தனி உரிமம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு 30 டாலர். வாங்குவது விற்பது எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதியாக வேண்டும். அந்தப் பதிவேடு இந்தக் கதையில் பின்னால் வரும். பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் இரண்டு 91/30 வரிசையாக நின்றன. ஒன்று 420 டாலர், இன்னொன்று 485. விலை கூடிய துப்பாக்கியின் சீட்டில் "எண்கள் எல்லாம் பொருந்தும்" என்று எழுதியிருந்தது. குழல், போல்ட் (தோட்டா அறையை மூடித் திறக்கும் இரும்பு உருளை), மேகசின் எனும் தோட்டாப் பெட்டியின் அடிமூடி, கட்டையின் அடித்தகடு ஆகிய நான்கிலும் ஒரே வரிசை எண் இருந்தால் தொழிற்சாலையிலிருந்து ஒன்றாகவே கிளம்பிய உறுப்புகள் என்று நினைத்துக்கொண்டேன். 65 டாலர் கூடக் கொடுத்து அதையே வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை எப்போதும் ஒன்றுதான். போல்ட்டைத் திறந்து, தோட்டா அறையில் சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பது. காலி. விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே போல்ட்டைப் பின்னுக்கு இழுத்தால் கையோடு வந்துவிடும். சுத்தப்படுத்தும் கம்பியைத் திருகி எடுக்க வேண்டும். இரண்டு குழல் வளையங்களையும் பிடித்திருக்கும் வில்தகடுகளை அழுத்தி, வளையங்களை முன்னால் தள்ள வேண்டும். அப்புறம் இரண்டே இரண்டு பெரிய திருகுகள்: ஒன்று கீழே மேகசினுக்கு முன்னால், இன்னொன்று மேலே ரிசீவரின், அதாவது போல்ட் ஓடும் இரும்புக் கூட்டின், வாலில். வீட்டில் கிடந்த திருப்புளியின் முனை அந்தக் காடிக்கு மெல்லியது. முதல் திருப்பிலேயே வழுக்கி, திருகின் தலையில் ஒரு கீறல் விழுந்தது. 80 வருடம் யாரும் கீறாத திருகு. வேலையை அங்கேயே நிறுத்தி, காடியின் அகலத்தை அளந்து, அதற்கேற்ற முனைகள் கொண்ட செட் ஒன்றை 28 டாலருக்கு வாங்கிவந்த பிறகுதான் மறுபடி தொட்டேன்.

ரிசீவரைக் கட்டையிலிருந்து தூக்கியபோது வாலுக்கு அடியில் கிரீஸில் ஊறிய ஒரு அட்டைத்துண்டு ஒட்டியிருந்தது. கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. குப்பை என்று நினைத்துத் துடைத்த துணியோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிட்டேன். அது குப்பையே இல்லை. இரும்பு கட்டையில் ஆடாமல் உட்காருவதற்காகப் பழுதுபார்த்தவர்கள் வைத்த அண்டைக்கொடுப்பு. நம்மூர்த் தச்சர் ஆடும் மேசைக்காலுக்கு அட்டை மடித்து வைப்பாரே, அதே வேலை. பிறகு தெரிந்துகொண்டபோது குப்பை வண்டி போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

அடுத்தது காஸ்மோலின். சேமிப்புக்கு வைக்கும்முன் இரும்பில் பூசும் கெட்டியான மெழுகு கிரீஸ் இது. வருடக்கணக்கில் காய்ந்து, பழைய தேன் போலப் பழுப்பாக இறுகியிருந்தது. உருகுவதற்கு 45 முதல் 52 டிகிரி செல்சியஸ் போதும். ஜூலை மாத டல்லாஸ் வெயில் நம்ம கத்திரி வெயிலுக்குக் குறைந்ததில்லை. இரும்புப் பகுதிகளைப் பழைய துணியில் சுற்றி, கறுப்புக் குப்பைப் பையில் போட்டு, வேலியடைத்த கொல்லையில் கான்கிரீட் தரைமேல் வைத்தேன். பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தேன். ஒரு மணி நேரத்தில் துணி நனைந்துவிட்டது. நான்கு தடவை துணி மாற்றினேன். மிச்சத்தை மினரல் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பானும் பல்துலக்கும் பிரஷும் கொண்டு எடுத்தேன். இரண்டு வார இறுதிகள் இதற்கே போயின. இந்தக் கட்டத்தில் ஒன்றும் கெடவில்லை.

கெட்டது கட்டையில். மரத்திலும் காஸ்மோலின் ஊறியிருந்தது. சீக்கிரம் போகட்டும் என்று துணியில் ஆல்கஹால் நனைத்துத் துடைத்தேன். துணி உடனே செம்பழுப்பாக மாறியது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தித் துடைத்தேன். ஒரு சாண் நீளத்துக்கு மரம் வெளுத்துத் தெரிந்த பிறகுதான் கை நின்றது. சோவியத் பழுதுபார்ப்புக் கிடங்குகளில் கட்டைக்குப் பூசியது அரக்கு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். அந்தச் சிவப்புதான் இந்த ரைஃபிளுக்கு அடையாளம், அதை என் கையாலேயே கரைத்துவிட்டேன்.

திருத்துவதற்கு அரக்குச் செதில் வாங்கினேன், 18 டாலர். பொட்டலத்தின் பின்னால் இந்தியாவில் விளைந்தது என்று இருந்தது. புரச மரத்திலும் இலந்தையிலும் அரக்குப் பூச்சி கட்டும் அதே பிசின், தபால் உறைக்கு முத்திரை வைக்க உருக்குவார்களே, அதன் உறவு. 30 கிராம் செதிலை 125 மில்லி ஆல்கஹாலில் ஒரு ராத்திரி ஊறவைத்தேன். காலையில் வடிகட்டி, மெல்லிய பருத்தித் துணியைப் பந்தாகச் சுருட்டி, வெளுத்த இடத்தில் மட்டும் தடவினேன். முதல் பூச்சு காய்வதற்குள் இரண்டாவதைப் போட்டதால் பிசுபிசுத்தது. பூச்சுக்கும் பூச்சுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் விட்ட பிறகு சரியாக வந்தது. மொத்தம் ஐந்து பூச்சு. நிறம் கிட்டத்தட்ட ஒட்டிவிட்டது. ஆனாலும் ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் எல்லைக்கோடு தெரிகிறது. விற்கும் காலம் வந்தால் வாங்குபவரிடம் இதைச் சொல்லித்தான் விற்பேன்.

இனி முத்திரைகள்.

சின்ன வயதில் எங்கள் ஊர்ச் சிவன் கோயில் அதிட்டானத்தில் இருந்த கல்வெட்டை மாமா படித்துக்காட்டியது நினைவிருக்கிறது. கல்லில் கோதுமை மாவைத் தடவி மேலே லேசாகத் துடைப்பார். எழுத்துப் பள்ளத்தில் மட்டும் மாவு தங்கி, வெள்ளையாக வரி எழுந்துவரும். இரும்புக்கும் அதே வழிதான். கரும்பலகைச் சுண்ணக்கட்டியை முத்திரைமேல் தேய்த்து, உள்ளங்கையால் ஒரு தடவை வழித்தால் போதும். அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில், இரும்போடு ஒட்டியமாதிரிப் பிடிக்க வேண்டும். நேராக வெளிச்சம் அடித்தால் பளபளப்புதான் தெரியும், எழுத்து தெரியாது. அதுவும் போதாத இடத்தில் மெல்லிய தாளை வைத்து 4பி பென்சிலால் தேய்த்தேன், நாணயத்தைத் தாளுக்கடியில் வைத்துத் தேய்ப்போமே, அந்த மாதிரி. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று, 14 டாலர். மொத்தக் கருவி இவ்வளவுதான்.

குழல் ரிசீவருக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால், தோட்டா அறையின் மேல்புறம்தான் இந்தத் துப்பாக்கியின் நெற்றி. அதில் மூன்று வரி. மேலே ஒரு முக்கோணம், உள்ளே அம்பு. இது இஷெவ்ஸ்க் தொழிற்சாலையின் முத்திரை. ஐந்துமுனை நட்சத்திரமும் உள்ளே அம்பும் இருந்தால் துலா. இஷெவ்ஸ்க் ஊரல் மலைக்கு மேற்கே ரஷ்யாவின் உத்மூர்த்தியா பகுதியில் இருக்கிறது, 1807இல் தொடங்கியது. துலா மாஸ்கோவுக்குத் தெற்கே, மகா பீட்டர் 1712இல் நிறுவியது. 1941 அக்டோபர் கடைசியில் ஜெர்மானிய டாங்கிப் படை துலாவின் வாசலுக்கே வந்துவிட்டது. ஊர் விழவில்லை, ஆனால் அதற்குள் தொழிற்சாலை இயந்திரங்களைக் கிழக்கே ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அதனால் போர்க்கால 91/30 என்றாலே பெரும்பாலும் இஷெவ்ஸ்க். என்னுடைய ரிசீவரின் மேல் கடைசல் கத்தி ஓடிய வரிகள் அப்படியே இருக்கின்றன. விரலை ஓட்டினால் இசைத்தட்டுபோல நெருடும். போருக்கு முந்தைய ரிசீவர்களில் இதை மழமழவென்று இழைத்திருப்பார்கள். 1943இல் அதற்கு நேரம் இல்லை. இந்த நெருடல்தான் எனக்கு இந்த ரைஃபிளில் மிகப் பிடித்த இடம்.

இரண்டாவது வரி ஆண்டு: 1943. அதன் பக்கத்தில் ஆங்கிலச் சின்ன ஆர் போல ஒரு எழுத்து, கூடவே ஒரு புள்ளி. பழுதுபார்த்தது என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து என்று என் பழைய குறிப்பில் எழுதியிருந்தேன். சோவியத் தொழிற்சாலை எதற்கு ஆங்கிலத்தில் குத்தப்போகிறது? அது ரஷ்ய எழுத்து, ஒலி 'க'. கோத் என்றால் ரஷ்ய மொழியில் ஆண்டு. அதன் சுருக்கம்தான் அந்த ஒற்றை எழுத்தும் புள்ளியும், நாம் கி.பி. போடுவதுபோல. முதல் தப்பு.

அறையின் இடப்பக்கம் ஒரு சின்னச் சதுரம், மூலையிலிருந்து மூலைக்கு ஒரு குறுக்குக்கோடு. பார்த்ததும் யாரோ அடித்துவிட்டமாதிரி இருந்தது. சோதனையில் தள்ளுபடியான குழல் என்று பயந்து அப்படியே எழுதினேன். அதே சதுரம் கட்டையிலும் இருந்ததைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. தள்ளுபடி என்றால் குழலை மட்டும்தானே தள்ளுவார்கள், கட்டையில் எதற்குக் குத்த வேண்டும்? இது பழுதுபார்ப்புக் கிடங்கின் முத்திரை. போர் முடிந்தபிறகு லட்சக்கணக்கான ரைஃபிள்களைக் கிடங்குகளில் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி கறுப்பேற்றி, அரக்குப் பூசி, காஸ்மோலினில் முக்கி அடுக்கிவைத்தார்கள். தேறியதற்கு இந்தச் சதுரம். அதாவது நான் நினைத்ததற்கு நேர்மாறு. இரண்டாவது தப்பு.

மூன்றாவது தப்பு பதிவேடுவரைக்கும் போய்விட்டது. வரிசை எண்ணை ஆங்கில எக்ஸ், அப்புறம் 34162 என்று படித்தேன். பதிவேட்டிலும் அப்படியே எழுதிவிட்டேன். ஹூஸ்டனில் இருக்கும் நண்பருக்குப் பென்சில் தேய்ப்பைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் திருச்சிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய அப்பா அங்கே துப்பாக்கித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். உடனே ஃபோன் வந்தது.

"தம்பி, எண்ணை மறுபடி வாசிங்க."

"எக்ஸ், மூணு, நாலு, ஒண்ணு, ஆறு, ரெண்டு அண்ணே."

"போர்க்கால இஷெவ்ஸ்க்ல முன்னால ரெண்டு எழுத்து வரும், அதுக்கப்புறம் அதிகபட்சம் நாலு எண்தான். உங்களுக்கு எப்படி அஞ்சு எண் வந்துச்சு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஆண்டுல இருக்கிற மூணும் இந்த மூணும் ஒண்ணு இல்லப்பா, இது பெருசு" என்றாள். பார்த்தேன். 1943இன் மூன்று குள்ளம். வரிசை எண்ணில் இருப்பது எக்ஸோடு சமமான உயரம், அதற்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி. அது எண்ணே அல்ல. ரஷ்ய எழுத்துகளில் 'ஸெ' என்று ஒன்று, பார்க்க அச்சு அசல் 3 மாதிரியே இருக்கும். எக்ஸ் என்று நான் படித்ததும் எக்ஸ் அல்ல, 'ஹ' ஒலி தரும் எழுத்து. ஆக, இரண்டு எழுத்து, பிறகு 4162. பதிவேட்டில் பழைய வரியை ஒற்றைக் கோடு போட்டு அடித்து, தேதியும் சுருக்கொப்பமும் வைத்துச் சரியானதை எழுதினேன். ரஷ்ய எழுத்துகள் முப்பத்துமூன்றையும் ஒரு தாளில் அச்சிட்டு வேலைமேசைக்கு மேலே ஒட்டிவைத்தது அன்றைக்குத்தான். வாங்குவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

சரி, அடுத்தது 65 டாலர் கூடக் கொடுத்த அந்தப் பொருத்தம். குழலில் இருக்கும் எண்ணே போல்ட்டின் கைப்பிடி அடியிலும், அடிமூடியிலும், அடித்தகட்டிலும் இருந்தது உண்மைதான். கடைச் சீட்டு பொய் சொல்லவில்லை. ஆனால் சுண்ணம் தடவிப் பார்த்தபோது போல்ட்டில் இருந்த எழுத்து வேறு கையாக இருந்தது. குழலில் எண்கள் அகலமாக, ஆழமாக இருந்தன. போல்ட்டில் ஒல்லியாக, கொஞ்சம் கோணலாக. எண்ணைச் சுற்றி இரும்பு லேசாகப் பள்ளமாக இருந்தது. பழைய எண்ணை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாகக் குத்திய பள்ளம் அது. அடிமூடியில் ஒளிவுமறைவே இல்லை. பழைய எண்ணுக்குக் குறுக்கே ஒரு கோடு, அதற்குக் கீழே புது எண். இவ்வளவு நாள் அந்தப் பழைய எண்ணையும் கோட்டையும் கிரீஸ் மூடியிருந்தது. அடித்தகட்டிலும் தேய்த்த தடம்.

இது மோசடி என்று நான் சொல்லமாட்டேன். கிடங்கில் ஒரு மேசைமேல் போல்ட்டுகள் குவிந்திருக்கும், இன்னொன்றில் குழல்கள். எது எதில் சரியாக உட்காருகிறதோ அதைப் போட்டுவிட்டு, குழலின் எண்ணை மற்ற உறுப்புகளில் குத்துவார்கள். குழல்தான் தலை, மற்றவை அதைப் பின்தொடரும். சேகரிப்பவர்கள் இதைப் பிறவிப் பொருத்தத்திலிருந்து பிரித்துத்தான் பேசுவார்கள், விலையும் வேறாகத்தான் வைப்பார்கள். கடைக்காரர் அந்த வித்தியாசத்தைச் சீட்டில் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கடையிலேயே போல்ட்டைக் கழற்றி ஒரு டார்ச் அடித்திருந்தால் 420 டாலர் துப்பாக்கியே போதும் என்று தெரிந்திருக்கும். இது நான்காவது.

ஐந்தாவது, கட்டை. வலப்பக்கம் கட்டையின் அடிப்பகுதியில் வட்டமாக ஒரு தேய்ந்த தடம். எங்கோ இடித்த வடு என்று எழுதியிருந்தேன். தாள் வைத்துத் தேய்த்தால் வட்டத்துக்குள்ளே நட்சத்திரத்தின் மூன்று முனை எழுந்து வந்தது. துலாவின் நட்சத்திரம். வார் மாட்டும் துளைகளைச் சுற்றித் திருகு வைத்த இரும்புத் தகடும் இருக்கிறது. போர் அவசரத்தில் இந்தத் தகட்டையே எளிதாக்கிவிட்டார்கள். ஆக, இஷெவ்ஸ்க்கில் 1943இல் பிறந்த இரும்பு துலாவில் போருக்கு முன் செதுக்கிய கட்டையில் உட்கார்ந்திருக்கிறது. நான் ஆல்கஹால் போட்டுத் துடைத்த ஒரு சாண் இதற்கு நாலு விரல் தள்ளித்தான் முடிந்தது. கை நிற்காமல் போயிருந்தால் அந்த நட்சத்திரத்தைச் சுற்றியிருந்த அரக்கும் போயிருக்கும்.

ஹூஸ்டன் நண்பரிடம் எம்39 ஒன்று இருக்கிறது, இதே மோசினின் ஃபின்லாந்து வடிவம். அதைப் பற்றிப் பேசும்போதுதான், "வாலுக்கு அடியில பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டார். ஃபின்லாந்துக்காரர்கள் மோசினின் ரிசீவரைத் தாங்களாகச் செய்ததே இல்லை. ஜார் காலத்து ரஷ்யப் படை ஃபின்லாந்து மண்ணில் விட்டுப்போனதையும், போர்களில் கைப்பற்றியதையும் எடுத்துப் புதுக் குழல் மாட்டினார்கள். அவருடையதில் குழல் 1942, பக்கத்தில் பெட்டிக்குள் எஸ்.ஏ. என்று ஃபின்லாந்து ராணுவத்தின் உடைமை முத்திரை. கழற்றி, ரிசீவர் வாலைத் திருப்பினால் 1896, கூடவே ஒரு வில்லும் அம்பும். பழைய இஷெவ்ஸ்க்கின் அடையாளம் அது. குழலைவிட 46 வருடம் மூத்த ரிசீவர், வெளியே ஒரு எழுத்திலும் அது தெரியாது.

நான் முதல்முறை கழற்றியபோது வாலின் அடியைத் திருப்பியே பார்க்கவில்லை. கிரீஸைத் துடைத்ததோடு சரி. மறுபடி இரண்டு திருகையும் கழற்றினேன். இந்தத் தடவை சரியான முனை, கீறல் இல்லை. வாலுக்கு அடியில் அம்பு, முக்கோணம், அதே 1943. குழலும் ரிசீவரும் பிறந்ததிலிருந்து பிரியவில்லை. இந்தத் துப்பாக்கியில் பிறவிப் பொருத்தம் என்று சொல்லக்கூடியது இந்த இரண்டு மட்டும்தான். கட்டையின் முன்பக்கப் பள்ளத்தில் இன்னொரு அட்டைத்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொடவில்லை. தூக்கிப் போட்டதற்குப் பதிலாக அதே கனத்தில், 0.8 மி.மீ., அட்டை வெட்டி வாலுக்குக் கீழே வைத்து, அது நான் வைத்தது என்று அட்டையின்மேல் பென்சிலால் தேதி எழுதினேன்.

போல்ட் வேறு துப்பாக்கியிலிருந்து வந்தது என்று தெரிந்தபிறகு அப்படியே சுட மனம் வரவில்லை. இந்தத் துப்பாக்கியோடு கொடுக்கும் சின்னத் திருப்புளித் தகட்டில் இரண்டு வெட்டு இருக்கும், பக்கத்தில் 75, 95 என்று எண். போல்ட்டின் முகத்திலிருந்து, தோட்டாவைக் குத்திப் பற்றவைக்கும் ஊசி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கத்தான் அது. 75 என்பது 1.9 மி.மீ., 95 என்பது 2.4. ஊசிமுனை முதல் வெட்டில் தட்ட வேண்டும், இரண்டாவதில் தட்டக் கூடாது. என்னுடையது முதல் வெட்டில் தட்டவில்லை, குறைவு. அதே தகட்டால் ஊசியின் பின்முனையைத் திருகி நீட்டலாம். அரைச் சுற்றில் சரியானது. தோட்டா உட்காரும் ஆழத்தைச் சோதிக்கும் அளவுக்கட்டைகளை நண்பரிடம் வாங்கிப் பார்த்ததில் அதுவும் எல்லைக்குள் இருந்தது.

சுட்டபோது நான்காவது தோட்டாவில் போல்ட் இறுகிக்கொண்டது. உள்ளங்கையால் அடித்துத்தான் திறந்தேன். தோட்டா அறைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருந்த காஸ்மோலின் சூட்டில் உருகிப் பசையாகிவிட்டது. பித்தளைப் பிரஷைத் துளையிடும் மெஷினில் மாட்டி, மினரல் ஸ்பிரிட்டில் நனைத்து, மெதுவான ஓட்டத்தில் இரண்டு நிமிடம் விட்டேன். வெளியே வந்த துணியின் நிறத்தைப் பார்த்தால் அறையை நான் சுத்தமே செய்யவில்லை என்று தெரிந்தது. பழைய சோவியத் தோட்டாக்களின் அடியில் தீப்பற்றவைக்கும் கேப்பில் இருக்கும் ரசாயனம் சுட்டபிறகு உப்பாகக் குழலில் படியும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அன்று ராத்திரியே கொதிநீர் ஊற்றிக் கழுவி, காயவிட்டு, அப்புறம்தான் எண்ணெய் போட்டேன்.

கணக்கு: துப்பாக்கி 485, திருப்புளி முனைகள் 28, மினரல் ஸ்பிரிட்டும் பிரஷும் 31, அரக்குச் செதிலும் ஆல்கஹாலும் 29, லென்ஸ் 14. மொத்தம் 587 டாலர். இதில் 65 டாலர் பார்க்காமல் கொடுத்தது.

போன மாதம் இரண்டாவது ரைஃபிள் வாங்கினேன். துலா, 1933, பட்டை வெட்டிய பழைய வகை ரிசீவர். இதற்குப் போகும்போது சட்டைப்பையில் சுண்ணக்கட்டி, டார்ச், லென்ஸ், எழுத்துத் தாள் நான்கும் இருந்தன. கடையில் கேட்டு, போல்ட்டை எடுத்து, எண்ணைச் சுற்றிலும் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. அதைச் சொல்லி விலை பேசினேன், 40 டாலர் குறைந்தது. வீட்டுக்கு வந்ததும் துணியைத் தொடவில்லை. முதலில் எல்லாப் பக்கமும் படம், 62 படம். பிறகு கிரீஸோடு கழற்றி, வாலுக்கு அடியில் இருந்த அட்டைத்துண்டை ஒரு உறையில் போட்டு, எங்கே எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று உறைமேல் எழுதினேன். கட்டைக்கு ஆல்கஹால் கிடையாது, வெயிலும் உலர்ந்த துணியும் மட்டும்தான். இப்போது வெயில் தணிந்துவிட்டதால் இரும்பு பிசுக்கோடு பாதுகாப்புப் பெட்டகத்தில் காத்திருக்கிறது. வாலின் அடியை மட்டும் ஒரு விரலகலம் துடைத்துப் பார்த்தேன். நட்சத்திரம் இல்லை. ஒரு வில், ஒரு அம்பு, 1915.